பெல்ஜியத்தில் நான் முதலாவதாக வந்த கதை

பெல்ஜியத்தில் ஒரு சைக்கிள் பந்தயத்தில் நான் முதலாவதாக வந்தேன் என்று பினாங்குத் தீவில், எங்கள் பாயான் பாருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என்னை மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன். அப்புறம் நீங்களும் என் தோளைத் தட்டி, "எவ்ளோ அடக்கம் பாரு இந்தப் பிள்ளைக்கு" என்பீர்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்களுடையது சின்ன சைக்கிள் கழகம். உறுப்பினர்கள் நாற்பது பேர். அதில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பதினைந்து பேர், மீதிப் பேர் ஆலோசனை சொல்கிறவர்கள். செயலாளருக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜுருவில் கார் விற்கும் கடை. பெல்ஜியத்தில் அவருக்குத் தெரிந்த ஓர் அம்மாள் தன் வீட்டு மாடியை வெளிநாட்டுச் சைக்கிள் வீரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். அந்த ஒரு தொடர்பை வைத்துக்கொண்டு வருடத்துக்கு ஒருவரை மூன்று மாதம் அங்கே அனுப்பிவைப்பது கழகத்தின் வழக்கம். ஒருவர்தான், இரண்டாவது ஆளுக்கு இடம் கிடையாது.

அந்த இடம் நியாயப்படி என்னுடையதல்ல. என்னோடு பயிற்சி எடுக்கும் அக்கா ஒருத்தி இருக்கிறாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், சூலியா தெருவில் பணம் மாற்றும் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தீவைச் சுற்றி ஓட்டப் போவோம். பாலேக் பூலாவ் ஏற்றம் தொடங்கும்போது அவளுடைய பின்சக்கரம் என் கண்ணில் படும். இரண்டாவது வளைவு தாண்டினால் அதுவும் படாது. உச்சியில் அவள் தண்ணீர் குடித்து, வாழைப்பழம் தின்று, தோலையும் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாள். நான் நாக்கைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேருவேன்.

ஆனால் தேர்வுக் கூட்டத்தில் செயலாளர் வேறு மாதிரி பேசினார். "பொம்பளப் பிள்ளைய தனியா அவ்ளோ தூரம் எப்படிலா அனுப்பறது? ஏதாச்சும் ஒன்னு ஆச்சின்னா யாரு பதில் சொல்றது? இந்தத் தடவ தம்பி போயிட்டு வரட்டும். அடுத்த வருசம் கண்டிப்பா ஒனக்குத்தாம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தட்டில் இருந்த கறிபாப்பைப் பார்த்தேன். அதை அவ்வளவு உன்னிப்பாக உலகத்தில் வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இருபது வயதுக்காரனுக்கு வெளிநாடு போகும் ஆசை வந்தால் வாய் தானாக மூடிக்கொள்கிறது, என்ன செய்ய.

போனேன். மூன்று மாதத்தில் பதினோரு பந்தயங்களில் கலந்துகொண்டேன். முடித்தது ஒன்றுகூட இல்லை. வீட்டிலிருந்து கேட்டால் "நல்லா போச்சிப்பா" என்பேன். பந்தயம் நல்லபடியாகத்தான் போனது. நான்தான் அதில் இல்லை.

அங்கே ஊர்த் திருவிழா என்றால் சைக்கிள் பந்தயம் கட்டாயம் உண்டு. தேவாலயத்துக்கு முன்னால் ராட்டினம், பொரித்த உருளைக்கிழங்கு, பீர்க் கூடாரம். இதையெல்லாம் சேர்த்து ஊரைச் சுற்றி ஆறு கிலோமீட்டரில் ஒரு வட்டம் போட்டு, அதையே பதினெட்டுத் தடவை சுற்றச் சொல்வார்கள். கேட்க லேசாகத்தான் இருக்கும். பினாங்கில் நமக்குக் காற்று என்றால் வியர்வையை ஆற்றுவது. அங்கே காற்று பக்கவாட்டில் அடிக்கும். அடித்தவுடன் நூறு பேரும் சாலையோரத்தில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு பறப்பார்கள். முன்னால் போகிறவனின் சக்கரத்தை ஒரு நொடி தவறவிட்டால் முடிந்தது கதை, அதற்குமேல் நீயும் காற்றும்தான்.

நான் சொல்லப்போகிற பந்தயத்தில் இரண்டாவது சுற்றிலேயே தவறவிட்டேன். மழை வேறு. அஞ்சு நிமிடம் பின்தங்கினவனைக் கொடி காட்டிக் கீழே இறக்கிவிடுவது வழக்கம். அந்த ஊரில் கொடி பிடித்திருந்தவர் ஒரு வயதானவர். என் சட்டையில் மலேசியா என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, இவ்வளவு தூரத்திலிருந்து வந்தவனைப் போய் இறக்குவதா என்று நினைத்தாரோ என்னவோ, ஒவ்வொரு சுற்றிலும் போ போ என்று கையை ஆட்டினார். நல்ல மனிதர். அவர் கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் நான் இன்றைக்கு நிம்மதியாக இருந்திருப்பேன்.

என் கணக்குக்கு அது பத்தாவது சுற்று. மற்றவர்களுக்குப் பதினொன்று. அதாவது முன்னணிக் கூட்டம் என்னைவிட ஒரு முழுச் சுற்று அதிகமாக ஓட்டி, வட்டத்தையே வளைத்துக்கொண்டு எனக்குப் பின்பக்கமாக வந்து சேர்ந்துவிட்டது. அவர்களுக்கு வழிகாட்டும் மோட்டார் சைக்கிள்காரர் ஒதுங்கு ஒதுங்கு என்று ஹாரன் அடிக்கிறார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்கிறேன். அந்த நேரம் பார்த்து, தேவாலயத்துக்கு எதிரில் உள்ளூர்க்காரர் ஒருவர் கைப்பேசியில் நேரலை போட்டுக்கொண்டிருந்தார். படத்தில் தெரிந்தது இதுதான்: தன்னந்தனியாக நான், எனக்குப் பின்னால் ஹாரன் அடித்தபடி மோட்டார் சைக்கிள், அதற்கும் பின்னால் துரத்திக்கொண்டு இருபது வெள்ளைக்காரர்கள். அத்தோடு அந்த மனிதருடைய கைப்பேசியில் பேட்டரி தீர்ந்துவிட்டது.

அங்கே முற்பகல், இங்கே மாலை ஐந்து மணி. சூலியா தெரு நாசி கண்டார் சாப்பாட்டுக் கடைத் தொலைக்காட்சியில் அந்த நேரலையைப் போட்டுக்கொண்டு கழகமே உட்கார்ந்திருந்தது. என்ன நடந்தது என்பதை அக்கா பிற்பாடு எனக்குச் சொன்னாள்.

"ஏய் அதோ நம்ம பையன்! முன்னுக்குப் போறான்லா!"

"பின்னால எத்தன பேரு பாரு, ஒருத்தனால கிட்ட வர முடியுதா?"

"அந்த மோட்டர் எதுக்கு?"

"பாதுகாப்புக்கு. முன்னால போறவனுக்குத்தான் மோட்டர் குடுப்பாங்க."

கடைசியாகச் சொன்னவர் செயலாளர். அக்கா எழுந்து, "அண்ணே, அவன ஒரு ரவுண்டு முந்திட்டாங்கண்ணே. ஒதுங்கச் சொல்லித்தான் ஹாரன் அடிக்கிறாங்க" என்றிருக்கிறாள். செயலாளர் திரும்பிப் பார்த்து, "நம்மாளு ஜெயிக்கறப்ப பொறாமப்படக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டு எல்லாருக்கும் தன் செலவில் தே தாரிக் தேநீர் சொன்னாராம். அவள் அதற்குப் பிறகு அங்கே உட்காரவில்லை.

இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? தேவாலயத்தைத் தாண்டியதும் அந்தக் கொடிக்காரப் பெரியவர் இதற்குமேல் முடியாது என்று என்னை ஓரம் கட்டினார். குளிரில் என் பற்கள் தந்தியடித்ததைப் பார்த்துத் தன் மேல்சட்டையைக் கழற்றி எனக்குப் போர்த்தினார். எங்கிருந்தோ சூடாக சூப் வந்தது. அதைக் குடித்துவிட்டு அம்மாள் வீட்டுக்குப் போய்க் கைப்பேசியைத் திறக்கிறேன், கழகத்தின் வாட்சாப் குரூப்பில் இருநூறு செய்திகள். முதலில் நான் கேட்டது அப்பா அனுப்பிய குரல் பதிவு.

அப்பா பாயான் பாருவில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறார். அதிகம் பேசுகிறவர் அல்ல. "பாத்தேன்யா. கண்ணால பாத்தேன்" என்று மட்டும் சொன்னார். அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம். ஈரத் துணியோடு கட்டிலில் உட்கார்ந்து அதை நாலு தடவை கேட்டேன். என் அப்பா அழுது நான் அதுவரை கேட்டதில்லை.

எங்கள் குரூப்பில் ஒரு பழக்கம் உண்டு. யாருக்காவது பிறந்தநாள் என்றால் ஒரு கும்பிடும் கை எமோஜி. சாவு என்றால் ஒரு கும்பிடும் கை. புதுக் கார் எடுத்தால், சங்கத் தேர்தலில் நின்றால், பல் பிடுங்கினால், எல்லாவற்றுக்கும் அதே கைதான். நானும் பழக்கதோஷத்தில் ஒன்றைத் தட்டிவிட்டேன். ஒரே ஒரு கும்பிடும் கை, வேறு எழுத்து இல்லை. நாளைக்குக் கூப்பிட்டு நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் பார்த்தால், என் வாயாலேயே ஒப்புக்கொண்டதாக ஆகியிருந்தது.

முடிவுப் பட்டியல் வெளிவந்தது. அதில் என் பெயர் இல்லை. பந்தயத்தை முடிக்காதவன் பெயர் எப்படி இருக்கும்? இதோடு விஷயம் தெளிந்துவிடும் என்று எனக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் நிம்மதி. செயலாளர் குரூப்பில் விளக்கம் எழுதினார்: "கறுப்புத் தோல் என்பதால் நம் பிள்ளையின் பெயரை மறைத்துவிட்டார்கள். ஆனால் நம் கண்களை மறைக்க முடியுமா?" அதன் கீழே கும்பிடும் கைகள் வரிசை கட்டி நின்றன. மேல்சட்டையைக் கழற்றிப் போர்த்திய அந்தப் பெரியவரை நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டேனே தவிர ஒன்றும் எழுதவில்லை.

ஊர் திரும்பிய மறுவாரம் பாயான் பாருவில் ஒரு மண்டபத்தில் பாராட்டு விழா. வாசலில் என்னைவிடப் பெரிய பதாகை. நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டுவது போலப் படம். கழுத்துக்கு மேலேதான் நான், கழுத்துக்குக் கீழே கையும் காலும் வெள்ளை வெளேரென்று யாரோ ஓர் ஐரோப்பியன். யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. "சாம்பியன் சும்மா கலராயிட்டாருலா, அங்க வெயிலு கம்மி" என்று ஒரு மாமா மட்டும் சொன்னார்.

மேடையில் எனக்கு ஒரு பொன்னாடை, அப்பாவுக்கு ஒரு பொன்னாடை. அப்பா தீபாவளிக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, சிரிக்கவும் தெரியாமல் சிரிக்காமலிருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். சிறப்பு விருந்தினர் எழுந்து ஐரோப்பியரின் நிறவெறியை இருபது நிமிடம் கிழித்தார். தூதரகத்துக்குக் கடிதம் எழுதப்போவதாகவும் சொன்னார். பிறகு செயலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "சூடு ஆறறதுக்குள்ள அடுத்த சீசனுக்கும் நம்ம சாம்பியனையே அனுப்பறதுன்னு கழகம் முடிவு பண்ணியிருக்கு!"

கைதட்டல். நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். அக்கா மடியில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த வருடம் தன் முறை என்று நம்பி, கடை முதலாளியிடம் மூன்று மாத விடுப்புக்குச் சொல்லி வைத்திருந்தவள். முதலாளியின் மகள் படிப்பை முடித்துவிட்டு வேறு ஊருக்கு வேலைக்குப் போவதற்கு முன்னால் அந்த மூன்று மாதம் இவளுக்குப் பதிலாகக் கவுண்டரில் உட்காருவதாக ஏற்பாடு. அதற்கு அடுத்த வருடம் அந்தச் சலுகை கிடையாது. இந்தத் தடவை விட்டால் அவள் போகவே போவதில்லை என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

சரி, இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணி ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றேன். "எல்லாரும் மன்னிக்கணும். நான் ஜெயிக்கல. அவங்க எனக்குப் பின்னால வரல, என்னய ஒரு ரவுண்டு முந்திட்டு வந்தாங்க. அந்தப் பந்தயத்த நான் முடிக்கவே இல்ல" என்றேன்.

ஒலிபெருக்கி ஒரு தடவை கிறீச்சிட்டது. அப்புறம் மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். சிறப்பு விருந்தினர் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். செயலாளர் ஒலிபெருக்கியை என் கையிலிருந்து வாங்கி, "பாத்தீங்களா? இதாங்க தமிழன். ஜெயிச்சிட்டு ஜெயிக்கலன்னு சொல்றான் பாருங்க. எவ்ளோ அடக்கம்!" என்றார். இதற்குமேல் நான் என்னதான் செய்வது?

சாப்பாட்டு வரிசையில் அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். "நல்லா சொன்னடா. சிரிச்சிக்கிட்டே சொன்ன பாரு, அது இன்னும் நல்லா இருந்துச்சி" என்றாள்.

"நான் சிரிக்கலக்கா."

"வீடியோ எடுத்திருக்காங்க. போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் சொல்லியிருக்கிறேன். மூஞ்சியெல்லாம் பல். அப்படிச் சொன்னால் எவனும் நம்ப மாட்டான் என்று எனக்குள்ளே எங்கேயோ தெரிந்திருக்கிறது. உண்மையைச் சொன்ன பேரும் வேண்டும், பொன்னாடையும் வேண்டும். அன்றைக்கு என் மூஞ்சியைப் பார்த்து எனக்கே கோபம் வந்தது.

அடுத்த வாரம் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவதற்காக ஜுருவுக்கு வரச் சொன்னார் செயலாளர். அப்பாதான் கெரேத்தா ஓட்டிக் கூட்டிக்கொண்டு போனார். பாலத்தில் போகும்போது சொல்லிவிடலாம் என்று பார்த்தேன், அப்பா உற்சாகமாக ஏதோ பழைய பாட்டை முனகிக்கொண்டிருந்தார், முடியவில்லை. கடையில் செயலாளர் பேனாவை நீட்டினார். நான் வாங்கவில்லை. இந்தத் தடவை சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"அண்ணே, நான் தோத்துட்டேன். பேட்டரி தீந்ததும் அந்த ஊர்க்காரரு பக்கத்து ஆளு போன்ல மிச்சத்தையும் எடுத்துப் போட்டிருக்காரு. என்ன எறக்கி விடறது அதுல இருக்கு. பாருங்க."

கைப்பேசியை மேசையில் வைத்தேன். செயலாளர் அதைத் தொடவில்லை. அப்பாதான் எடுத்துப் பார்த்தார். கொடி, மழை, என்னை ஓரம் கட்டுவது, மேல்சட்டை போர்த்துவது, எல்லாவற்றையும் கடைசி வரை பார்த்தார்.

"எனக்கு மறுநாளே தெரியும் தம்பி" என்றார் செயலாளர். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "ஒன்ன அனுப்பினது நானு. நீ தோத்தா நான் தோத்த மாதிரி. அந்தப் பொண்ணு போயி நல்லா ஓட்டிட்டு வந்துட்டா, மொதல்லயே ஏன் அவள அனுப்பலன்னு என்னதான கேப்பானுங்க?"

அப்பா கைப்பேசியைக் கீழே வைத்தார். "அப்ப அந்தப் பொண்ணுதான்டா போகணும்" என்றார். அவரும் செயலாளரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

"இப்ப சொல்லு. போன வருசம் நீதான போன் பண்ண? எம் பையனுக்குப் பாத்துச் செய்யின்னு?" என்றார் செயலாளர்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்தார். கறிபாப் இல்லாததுதான் குறை. செயலாளர் பெண்பிள்ளை என்று தட்டிக்கழித்த இடத்தை நான் மௌனமாக வாங்கிக்கொண்டேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்தக் கூட்டமே நாடகம் என்பதும், அதற்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அழுகை வந்தது. செயலாளர் முன்னால் அழக் கூடாது என்ற வைராக்கியத்தில் கோபமாக மாற்றிக்கொண்டேன்.

"இந்த வீடியோவ இப்பவே குரூப்ல போடப்போறேன்" என்று கைப்பேசியை எடுத்தேன்.

"ஏய் ஏய், இருலா தம்பி!" முதல்முறையாக அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "போடாத. கடுதாசி போயிடுச்சிலா தூதரகத்துக்கு. அவள அனுப்பறேன். நாளைக்கே அறிவிக்கறேன். நீ அதப் போடாம இரு, போதும்."

பெரிய நேர்மையாளனாக இருந்தால் அப்போதும் போட்டிருப்பேன். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், பொன்னாடையோடு அவர் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. சரி என்று சொல்லிவிட்டேன். திரும்பி வரும்போது அப்பா பாட்டு எதையும் முனகவில்லை. பாலத்தின் நடுவில், "நான் பண்ணது தப்புய்யா" என்றார். நான் "ம்" என்றேன்.

நேராகச் சூலியா தெருவில் இறங்கிக்கொண்டேன். அக்கா கண்ணாடிக்குப் பின்னால் இருந்தாள். வாடிக்கையாளர் போகும்வரை காத்திருந்து, கண்ணாடி ஓட்டை வழியாக விஷயத்தைச் சொன்னேன். இடம் கிடைத்துவிட்டது, ஏப்ரலில் நீ போகிறாய், அதற்காக வீடியோவைப் போடாமல் விட்டேன் என்று சொன்னேன். அப்பா போன் பண்ணியதையும் மறைக்காமல் சொன்னேன். சொல்லிவிட்டு நின்றேன். கண் கலங்குவாள், நன்றி என்பாள் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"ஒங்கப்பா போன் பண்ணதுதான் எல்லாருக்கும் தெரியுமேடா" என்றாள். "ஒனக்கு இப்பதான் தெரியுமா?"

"எல்லாருக்கும்னா?"

"கழகத்துக்கே தெரியும். நாந்தான், இவனுக்கும் தெரியும் போல, தெரிஞ்சிக்கிட்டே என்கூட ஞாயித்துக்கிழம மல ஏற வர்றான், என்னா தைரியம்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்."

எனக்குப் பின்னால் சுற்றுலாப் பயணி ஒருவர் வந்து நின்றார்.

"ஏப்ரல்ல நான் போறேன்" என்றாள் அவள். "அது என்னோட எடம், எனக்கு யாரும் குடுக்க வேணாம். ஆனா எனக்காக அந்தப் பொய்ய மூடி வெச்சேன்னு மட்டும் சொல்லிக்கிட்டுத் திரியாத. அது ஒனக்காக. அத நீயே வெச்சிக்க. நகரு, ஆளு நிக்கறாங்க."

நகர்ந்தேன். நாசி கண்டார் கடையைத் தாண்டும்போது கல்லாவிலிருந்து, "என்னா சாம்பியன், சாப்பிடாம போறீங்க?" என்று கடைக்கார அண்ணன் கூப்பிட்டார். கையைத் தூக்கிக் காட்டிவிட்டு நடந்தேன்.